சாலை மிதிவண்டியின் பல்லிணைத் தொகுதி

சாலை மிதிவண்டியின் பல்லிணைத் தொகுதி என்பது, ஓட்டுநர் மிதிகளில் தரும் ஆற்றலைச் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குக் கடத்துவதற்கும், பாதையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பச் சுழற்சி விகிதத்தை மாற்றுவதற்கும் பயன்படும் உறுப்புகளின் தொகுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது கியர் எனவும், மிதிவண்டிக் கடைகளில் குரூப்செட் எனவும் அழைக்கப்படுகிறது. தொடக்கநிலைச் சாலை மிதிவண்டிகளில் பொதுவாக 7, 8 அல்லது 9 பின்பற்சக்கரங்களும், உயர்நிலை மிதிவண்டிகளில் 11 அல்லது 12 பின்பற்சக்கரங்களும் காணப்படுகின்றன.

தொடக்கநிலை மிதிவண்டி ஒன்றை வாங்கி ஓரிரு ஆண்டுகள் ஓட்டியவர்கள் பலருக்கும் இத்தொகுதியை மேம்படுத்தலாமா என்ற கேள்வி எழுகிறது. இதற்கான விடை, மிதிவண்டியில் உள்ள குறை விகிதத்தைச் சார்ந்ததா, தேய்மானத்தைச் சார்ந்ததா, அல்லது தரநிலையைச் சார்ந்ததா என்பதைப் பொறுத்தது.

உறுப்புகள்

ஒரு பல்லிணைத் தொகுதியில் பின்வரும் உறுப்புகள் அடங்கும்.

- முன்பற்சக்கரங்கள்: மிதிகள் பொருத்தப்பட்ட கிராங்க்குடன் இணைந்தவை. சாலை மிதிவண்டிகளில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். 50 பற்களும் 34 பற்களும் கொண்ட இணை பரவலாகப் பயன்படுகிறது.
- கேசட்: பின்சக்கரத்தின் குடத்தில் செருகப்படும் பற்சக்கர அடுக்கு. மிகச் சிறியது பெரும்பாலும் 11 பற்களும், மிகப் பெரியது 25 முதல் 34 பற்கள் வரையும் கொண்டிருக்கும்.
- சங்கிலி: அனைத்துச் சங்கிலிகளிலும் அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையிலான தொலைவு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சங்கிலியின் அகலம் மட்டும் குறையும்.
- சங்கிலி மாற்றிகள்: சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுபவை. ஆங்கிலத்தில் டீரெய்லர் எனப்படும். முன்மாற்றி, பின்மாற்றி என இருவகைப்படும்.
- மாற்று நெம்புகோல்கள்: வளைந்த கைப்பிடியில் பிரேக் நெம்புகோலுடன் ஒன்றாக அமைந்தவை. தொகுதியின் விலையில் கணிசமான பங்கு இவற்றுக்கே உரியது.
- பிரேக்குகள்: இவையும் வழக்கமாகத் தொகுதியின் பகுதியாகவே கணக்கிடப்படுகின்றன.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பந்தய ஓட்டுநர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்தியிருந்தனர். ஏற்றம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு செல்வர். வெலோசியோ என்ற புனைபெயரில் அறியப்பட்ட பிரான்சு நாட்டின் பால் டெ விவீ (1853–1930), பல விகிதங்கள் கொண்ட மிதிவண்டியே பயணத்துக்கு ஏற்றது என நெடுங்காலம் வலியுறுத்தினார். பிரான்சு சுற்றுப் பந்தயமான டூர் டெ பிரான்சின் நிறுவனர் ஹென்றி டெக்ரான்ஜ் இதற்கு எதிரான கருத்துடையவர். அவர் பொறுப்பிலிருந்து விலகியதை அடுத்து, 1937ஆம் ஆண்டில்தான் அப்பந்தயத்தில் சங்கிலி மாற்றிகள் அனுமதிக்கப்பட்டன. அவ்வாண்டு ரோஜர் லபெபி வெற்றி பெற்றார்.

1964இல் சப்பானிய நிறுவனமான சன்டூர், சாய்ந்த இணைகர வடிவப் பின்மாற்றியை அறிமுகப்படுத்தியது. இதில் மாற்றி பக்கவாட்டில் நகரும்போதே கீழும் இறங்குவதால், சிறிய பற்சக்கரத்திலும் பெரிய பற்சக்கரத்திலும் ஏறத்தாழ ஒரே இடைவெளி நிலவுகிறது. இதன் காப்புரிமை 1984இல் முடிவுற்றபின் பிற நிறுவனங்களும் இவ்வமைப்பைப் பின்பற்றின. அதே ஆண்டில் சிமானோ நிறுவனம், ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பற்சக்கரம் மாறும் படிநிலை மாற்று முறையை டுரா-ஏஸ் தொகுதியில் கொண்டுவந்தது. 1990இல் பிரேக்கும் மாற்றியும் ஒரே நெம்புகோலில் இணைக்கப்பட்டன. 2009இல் மின்னோடியால் இயங்கும் டிஐ2 வகை விற்பனைக்கு வந்தது. சாய்ந்த இணைகரம், படிநிலை மாற்றம், இணைந்த நெம்புகோல் ஆகிய மூன்றும் இன்றைய தொடக்கநிலை மிதிவண்டிகளிலும் காணப்படுகின்றன.

பல்லிணை விகிதம்

முன்பற்சக்கரப் பற்களின் எண்ணிக்கையைப் பின்பற்சக்கரப் பற்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கிடைப்பது பல்லிணை விகிதம் ஆகும். இதனைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், மிதி ஒரு முழுச்சுற்று சுற்றும்போது மிதிவண்டி நகரும் தூரம் கிடைக்கும். சாலை மிதிவண்டிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். அதன்படி:

- 50/11: விகிதம் 4.55, ஒரு சுற்றுக்கு 9.5 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்றில் வேகம் மணிக்குச் சுமார் 51.5 கிலோமீட்டர்.
- 34/28: விகிதம் 1.21; ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 9.2 கிலோமீட்டர்.
- 34/32: விகிதம் 1.06, ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர். 60 சுற்றில் மணிக்கு 8.0 கிலோமீட்டர்.
- 34/34: விகிதம் 1.00; ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். 60 சுற்றில் மணிக்கு 7.6 கிலோமீட்டர்.

ஏற்றத்தில் இதன் விளைவு

ஓட்டுநரும் மிதிவண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனவும், பாதை 8 விழுக்காடு ஏற்றம் எனவும் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 66 நியூட்டன் விசை தேவை. 34/28 விகிதத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க ஏறத்தாழ 170 வாட்டு ஆற்றல் வேண்டும். 34/34 விகிதத்தில் அதே 60 சுற்றுக்கு 140 வாட்டு போதும்.

அந்த ஓட்டுநரால் தொடர்ந்து 150 வாட்டு மட்டுமே தர இயலும் எனில், எந்த விகிதத்திலும் அவரது வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவிலேயே இருக்கும். ஆனால் முதல் விகிதத்தில் அவர் நிமிடத்துக்கு 53 சுற்றுகளும், இரண்டாவதில் 64 சுற்றுகளும் மிதிப்பார். ஒவ்வொரு மிதிப்பிலும் கால் தரவேண்டிய விசை சுமார் 18 விழுக்காடு குறைகிறது. நீண்ட ஏற்றத்தில் முழங்கால் வலியின்றி மேலே சேர்வதற்கும், இறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதற்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இதுவே. பெரிய பின்பற்சக்கரம் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஏறுவதை இயலச் செய்கிறது.

பற்சக்கரங்களின் எண்ணிக்கை

எண்ணிக்கை கூடினால் ஏற்றம் எளிதாகும் என்பது பரவலான தவறான கருத்து. 8 பற்சக்கரங்கள் கொண்ட 11–28 கேசட் ஒன்றில் 11, 13, 15, 17, 19, 21, 24, 28 ஆகிய அளவுகள் உள்ளன. 11 பற்சக்கரங்கள் கொண்ட 11–28 கேசட்டில் 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28 ஆகியவை உள்ளன. இரண்டிலும் மிக எளிய விகிதமும் மிகக் கடின விகிதமும் ஒன்றே. இடையிலுள்ள படிகள் மட்டுமே நெருக்கமாகின்றன.

இந்நெருக்கத்தின் பயன் சமதரையில் வேகமாக, குறிப்பாகக் குழுவாகச் செல்லும்போது தெரியும். 50 பல் முன்சக்கரத்தில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கும்போது 15 பல்லில் மணிக்கு 38 கிலோமீட்டரும், 13 பல்லில் 44 கிலோமீட்டரும் கிடைக்கும். இடையில் 14 பல் இல்லாதபோது, 41 கிலோமீட்டரில் செல்லும் குழுவுடன் இணைந்து செல்பவர் தனக்கு உகந்ததைவிட வேகமாகவோ மெதுவாகவோ மிதிக்க நேரிடும். தனியாகவும் மிதமான வேகத்திலும் செல்பவருக்கு இக்குறை பெரும்பாலும் தோன்றுவதில்லை.

தரநிலைகள்

சிமானோ நிறுவனத்தின் சாலைத் தொகுதிகள் நீண்டகாலமாகக் கீழிருந்து மேலாக டூர்னி (7), கிளாரிஸ் (8), சோரா (9), டியாக்ரா (10), 105, அல்டெக்ரா, டுரா-ஏஸ் என வரிசைப்படுத்தப்பட்டு வந்தன. அடைப்புக்குறிக்குள் இருப்பவை பின்பற்சக்கரங்களின் எண்ணிக்கை. 105 தொகுதியின் 12 பற்சக்கர வகை 2022இல் மின்னோடியுடனும், 2023இல் கேபிளுடனும் வெளியானது. அமெரிக்க நிறுவனமான சுராம், இத்தாலிய நிறுவனமான கம்பாக்னோலோ ஆகியவையும் தமக்கெனத் தனித் தொகுதிகளைத் தயாரிக்கின்றன.

மேல்நிலைக்குச் செல்லச் செல்ல எடை குறைகிறது. நெம்புகோலை அழுத்தும் விசை குறைகிறது. பிரேக்குகளின் உணர்வு மேம்படுகிறது. எனினும் எடைக் குறைவின் பயன் சிறிதே. மொத்தம் 85 கிலோகிராமில் அரை கிலோகிராம் குறைவது 0.6 விழுக்காடு ஆகும். ஒரு மணிநேர ஏற்றத்தில் இது ஏறத்தாழ 20 நொடிகளை மிச்சப்படுத்தும்.

பொருந்துமை

தனி உறுப்புகளை மாற்றுமுன் அவை ஒன்றோடொன்று பொருந்துமா என அறிதல் இன்றியமையாதது.

- நெம்புகோலும் பின்மாற்றியும்: ஒரு சொடுக்குக்கு நெம்புகோல் இழுக்கும் கேபிளின் நீளமும், அதற்கு மாற்றி நகரும் தொலைவும் ஒத்திருக்க வேண்டும். சிமானோவின் 8, 9 பற்சக்கரச் சாலைப் பின்மாற்றிகள் ஒரே இழுவை விகிதத்தைக் கொண்டவை. 11 பற்சக்கர வகைகளின் விகிதம் வேறு. வெவ்வேறு நிறுவனங்களின் நெம்புகோலும் மாற்றியும் பொதுவாக ஒத்துப்போவதில்லை.
- குடம்: சிமானோவின் 8, 9, 10 பற்சக்கரக் கேசட்டுகள் ஒரே அகலமுள்ள குடத்தில் பொருந்தும். 11 பற்சக்கரச் சாலைக் கேசட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 1.85 மில்லிமீட்டர் கூடுதல் அகலம் தேவை. ஆகவே 8இலிருந்து 11க்கு மாறுபவர் பின்சக்கரத்தையும் மாற்ற நேரிடலாம். 7 பற்சக்கர மிதிவண்டிகள் பலவற்றில் கேசட்டுக்குப் பதிலாக மரை முறையில் திருகப்படும் பிரீவீல் உள்ளது. இவற்றிலும் மேம்பாட்டுக்குப் புதிய பின்சக்கரம் தேவைப்படும்.
- மாற்றியின் கொள்ளளவு: முன்பற்சக்கரங்களின் பல் வேறுபாட்டையும் பின்பற்சக்கரங்களின் பல் வேறுபாட்டையும் கூட்டினால் மாற்றி ஈடுசெய்ய வேண்டிய அளவு கிடைக்கும். 50/34 உடன் 11–28 எனில் 16 + 17 = 33; 11–34 எனில் 16 + 23 = 39. குட்டைக் கூண்டு கொண்ட பின்மாற்றி இரண்டாவதைத் தாங்காது. நீள்கூண்டு வகை தேவை.
- பிரேக்குகள்: நெம்புகோல் இழுக்கும் கேபிளின் அளவு, பிரேக்கின் வடிவமைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பொருந்தாத இணைப்பில் தடைத்திறன் குறையலாம். நீரியல் தட்டுப் பிரேக்குகளுக்கு அவற்றுக்கென அமைந்த நெம்புகோல்களே பயன்படும்.

மேம்படுத்தல் தெரிவுகள்

பராமரிப்பு

கியர் சரியாக விழவில்லை என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் தொகுதியின் தரநிலை அன்று. துருப்பிடித்த கேபிள், அழுக்கடைந்த கேபிள் உறை, வளைந்த மாற்றித் தாங்கி, தேய்ந்த சங்கிலி ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். சங்கிலியின் 24 கண்ணிகள் புதிதாக இருக்கும்போது 304.8 மில்லிமீட்டர் நீளமுடையவை. இது 1.5 மில்லிமீட்டர் கூடினால் தேய்மானம் 0.5 விழுக்காடு. 11, 12 பற்சக்கரத் தொகுதிகளில் இந்நிலையிலும், 8 முதல் 10 வரையானவற்றில் 0.75 விழுக்காட்டிலும் சங்கிலியை மாற்றுவது வழக்கம். தாமதித்தால் கேசட்டும் தேய்ந்து, இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஆகையால் மேம்பாடு பற்றி முடிவு செய்யுமுன் கேபிள்களையும் உறைகளையும் புதுப்பித்துப் பார்ப்பது நலம்.

கேசட்டை மட்டும் மாற்றுதல்

ஏற்றத்தில் சிரமம் என்பதே குறையாயின், அதே எண்ணிக்கையில் பெரிய பற்சக்கரம் கொண்ட கேசட் மிகக் குறைந்த செலவில் தீர்வு தரும். தேவையாயின் நீள்கூண்டுப் பின்மாற்றியும் சேர்க்கப்படும். இவ்வாறு மாற்றும்போது சங்கிலியின் நீளத்தையும் கூட்ட வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால், பெரிய முன்பற்சக்கரமும் பெரிய பின்பற்சக்கரமும் ஒருசேரத் தெரிவாகும்போது சங்கிலி இறுகி மாற்றியையோ அதன் தாங்கியையோ முறித்துவிடக்கூடும். எல்லைத் திருகுகளும் மீண்டும் சரிபார்க்கப்பட வேண்டும்; இல்லையெனில் மாற்றி சக்கரக் கம்பிகளில் சிக்கும் இடர் உண்டு.

முழுத்தொகுதியை மாற்றுதல்

8இலிருந்து 11 அல்லது 12க்கு மாற நெம்புகோல்கள், இரு மாற்றிகள், கேசட், சங்கிலி ஆகியவை அனைத்தும் தேவை. பல வேளைகளில் கிராங்க், பிரேக்குகள், பின்சக்கரம் ஆகியவையும் சேரும். உறுப்புகளைத் தனித்தனியாகச் சில்லறை விலையில் வாங்குவது, மிதிவண்டி நிறுவனங்கள் மொத்தமாக வாங்கிப் பொருத்துவதைவிடச் செலவு மிக்கது. எனவே சட்டகம் தரமானதாகவும் ஓட்டுநரின் உடலளவுக்குப் பொருந்துவதாகவும் இருந்து, பழைய உறுப்புகள் தேய்ந்தும் போயிருக்கும் நிலையில் இத்தெரிவு பொருத்தமானது. பயன்படுத்திய உறுப்புகள் கிடைப்பின் செலவு குறையும்.

புதிய மிதிவண்டி வாங்குதல்

முழுத்தொகுதியின் செலவும் பழைய மிதிவண்டியை விற்றால் கிடைக்கும் தொகையும் சேர்ந்து, மேல்நிலைத் தொகுதியுடன் கூடிய மிதிவண்டியின் விலையை நெருங்குமெனில், புதியதை வாங்குவது சிக்கனமாகலாம். தட்டுப் பிரேக், அகலமான டயருக்கு இடம் போன்றவை சட்டகத்தைச் சார்ந்தவை. அவற்றைப் பல்லிணை மேம்பாட்டால் பெற இயலாது.

மேம்பாட்டால் மாறாதவை

சமதரையில் ஓட்டுநரின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றின் தடை ஆகும். இருக்கை உயரம், உடல் அமரும் நிலை, டயரின் தரம், அதன் காற்றழுத்தம் ஆகியவை இதிலும் உருளல் தடையிலும் பங்கு வகிக்கின்றன. தூய்மையாகப் பேணப்பட்டு எண்ணெயிடப்பட்ட 8 பற்சக்கரத் தொகுதிக்கும் 12 பற்சக்கரத் தொகுதிக்கும் ஆற்றல் கடத்துவதில் பெரிய வேறுபாடு இல்லை. மேலும் 8 பற்சக்கரத் தொகுதியின் சங்கிலியும் கேசட்டும் விலை குறைந்தவை; சிறிய கடைகளிலும் எளிதில் கிடைப்பவை. தொலைதூரப் பயணம் செய்வோருக்கு இது ஒரு நிறை ஆகும்.

இவற்றையும் பார்க்க

- மிதிவண்டி
- பற்சக்கரம்
- சங்கிலி
- டூர் டெ பிரான்சு