உள்ளிழுப்பு மயக்க மருந்துகள்: சேலம், நாமக்கல் சமவெளி

மூச்சுவழியே நுரையீரலை அடைந்து, குருதியில் கரைந்து, மூளையில் செயல்பட்டு, நினைவையும் வலியுணர்வையும் சற்று நேரம் நீக்கிவைக்கும் ஆவிகளும் வாயுக்களும் உள்ளிழுப்பு மயக்க மருந்துகள் எனப்படும். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைப் பலரறியப் பயன்படுத்திக் காட்டினார். அடுத்த மார்ச்சிலேயே அது கல்கத்தாவை எட்டியது. எடின்பரோவில் சிம்சன் 1847 நவம்பரில் அறிமுகப்படுத்திய குளோரோஃபார்மும் 1848 சனவரியில் அங்கு வந்து சேர்ந்தது.

இவ்விரண்டில் எது உகந்தது என்பதைத் தீர்மானித்ததில் வெயிலுக்கும் பெரும் பங்குண்டு. ஈதரின் கொதிநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ். சேலத்திலும் நாமக்கல்லிலும் கத்திரி வெயிலின்போது நிழலிலேயே வெப்பம் இதைத் தாண்டிவிடும். கம்பிச் சட்டத்தில் போர்த்திய துணியை மூக்கின்மேல் வைத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விடும் பழைய முறையில், நோயாளி இழுக்குமுன்பே ஈதரில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தீப்பற்றும் அபாயம் வேறு. 61 பாகையில் கொதிப்பதும் சிறிதளவிலேயே மயக்கம் தருவதுமான குளோரோஃபார்ம் வெப்பநாட்டு மருத்துவர்களுக்கு உவப்பாயிருந்ததில் வியப்பில்லை. ஆனால் அது இதயத்தைத் திடீரென நிறுத்தக்கூடியது. ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரியின் முயற்சியால் 1888இலும் 1889இலும் கூடிய ஆய்வுக்குழுக்கள், மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்றன. இதயக் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்து நிற்பதை 1911இல் குட்மன் லெவி சோதனையில் காட்டியபின் அம்முடிவு நிலைக்கவில்லை. பின்னாளில் குளோரோஃபார்ம் அறுவை அரங்கைவிட்டு நீங்கி ஆலைச் சரக்காயிற்று. சேலம் மாவட்டத்து மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட் ஆலையின் குளோரோமீத்தேன் வகைகளில் அதுவும் ஒன்று.

ஈதரை வெயிலுக்குப் பழக்கியது 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான ஈ.எம்.ஓ. ஆவியாக்கி. ஈதர் அறையைச் சூழ்ந்த நீர் உறை வெப்பத்தைத் தாங்கி ஆவியின் அளவைச் சீராக வைத்தது. வெளிக்காற்றையே இழுத்து இயங்கியதால், சிலிண்டர் எளிதில் கிட்டாத சிற்றூர் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தியது. 1956இல் புழக்கத்துக்கு வந்த ஹாலோத்தேன் தீப்பற்றாதது, எனினும் அரிதாகக் கல்லீரலைத் தாக்கியதால் ஐசோஃப்ளுரேனுக்கும் செவோஃப்ளுரேனுக்கும் வழிவிட்டது.

இவற்றின் வலிமை, கத்தி பட்டும் நோயாளிகளில் பாதிப்பேர் அசையாதிருக்கத் தேவையான ஆவியின் விழுக்காட்டால் அளக்கப்படுகிறது: ஹாலோத்தேனுக்கு ஏறத்தாழ 0.75, செவோஃப்ளுரேனுக்கு 2. பின்வந்த டெஸ்ஃப்ளுரேனோ 23 பாகையிலேயே கொதிப்பது. சாதாரண ஆவியாக்கியில் அதன் அளவு கட்டுக்குள் நில்லாது என்பதால், 39 பாகைக்கு வேண்டுமென்றே சூடாக்கி, அழுத்தத்தில் அடக்கி வெளிவிடும் தனிக்கருவி அதற்குத் தேவைப்பட்டது.