அரசர் துக்கமும் ஊரார் பார்வையும்

ஹிஜ்ரி 1040, துல்கஃதா பிறை 17. கிறிஸ்துவ ஆண்டுக் கணக்கில் 1631 ஜூன் 17. புர்ஹான்பூரில் மும்தாஜ் மஹல் தமது பதினான்காம் மகப்பேற்றின்போது வஃபாத்தானார். தப்தி நதியின் மறுகரையில், ஸைனாபாத் தோட்டத்தில் அவர் தற்காலிகமாக நல்லடக்கம் செய்யப்பட்டார். அப்போது ஷாஜஹானுக்கு வயது 39.

அதன்பின் ஒரு வாரம் பாதுஷா ஜரோகாவில் தோன்றவில்லை. நாள்தோறும் காலையில் மன்னர் மக்களுக்குக் காட்சி தரும் மாடமே ஜரோகா. மன்னர் உயிருடன் இருக்கிறார், ஆட்சி நடக்கிறது என்பதற்கு அக்காட்சியே சான்று. 1657இல் இதே ஷாஜஹான் நோயுற்று மாடத்திற்கு வராதபோது, அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவி, மைந்தர்களிடையே வாரிசுப் போர் மூண்டது. ஒரு கணவர் தனித்திருந்து அழுவதற்கும் அரசியல் விலை இருந்தது என்பது இதனால் விளங்கும்.

அரசவை வரலாற்றாசிரியர்கள் அத்துக்கத்தை நுணுக்கமாகப் பதிவு செய்தனர். பாதுஷா வெள்ளுடை தரித்தார். இசையையும் அணிகலன்களையும் நறுமணப் பொருள்களையும் துறந்தார். சில நரை முடிகளே இருந்த தாடி விரைவில் வெளுத்தது என்கின்றனர். மன்னர் மனைவி மீது கொண்டிருந்த பிரியத்தையும் கஸ்வீனி மறைக்காமல் எழுதினார். ஆயினும் இவை மன்னரின் ஆணைப்படி எழுதப்பட்ட நூல்கள். ஆகவே அத்துக்கம் உண்மையானது என்பதோடு, உலகுக்குக் காட்டப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது.

கணவனை இழந்தவளுக்குப் பொதுவாக நான்கு மாதம் பத்து நாள், மற்றவருக்காக மூன்று நாள் என்பதே துக்கத்திற்கு ஷரீஅத் வகுத்த எல்லை. பாதுஷாவின் துக்கமோ ஏறத்தாழ ஈராண்டு நீண்டது. 1633இல் தாரா ஷிகோவின் திருமண விழாவோடுதான் அரண்மனைக்கு இசை திரும்பியது.

இங்கிலாந்தில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். 1861 டிசம்பர் 14இல் இளவரசர் ஆல்பர்ட் இறந்தபின், விக்டோரியா மகாராணி 1901இல் தாம் மறையும்வரை கறுப்புடையே தரித்தார். 1863இல் மூத்த மகனின் திருமணத்தைக்கூட தேவாலயத்தின் மேல்மாடத்தில் ஒதுங்கியிருந்தே பார்த்தார். முதலில் இரங்கிய மக்கள் பின்னர் சலிப்புற்றனர். 1864இல், அரண்மனை வாடகைக்கு விடப்படும் என்ற கேலி அறிவிப்பு பக்கிங்ஹாம் மாளிகைக் கம்பி வேலியில் ஒட்டப்பட்டது. 1870ஆம் ஆண்டையொட்டி முடியாட்சி ஒழிப்புச் சங்கங்கள் தோன்றவும் அவரது ஒதுக்கம் ஒரு காரணமாயிற்று.

2022 செப்டம்பர் 14இல் எலிசபெத் ராணியின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வைக்கப்பட்டது. பேரன் ஹாரி தம் மனைவியின் கையைப் பற்றியவாறு வெளியேறியதைப் பலர் பழித்தனர். பேத்தி ஸாராவும் அவர் கணவரும் அவ்வாறே கைகோத்திருந்தனர். அவர்களை எவரும் அவ்வளவாகக் குறை கூறவில்லை. செயல் ஒன்றுதான், முன்பே மனத்தில் இருந்த வெறுப்பே தீர்ப்பை மாற்றியது.

நெடுநாள் அழுத ராணி கடமை மறந்தவரானார். ஆறுதலுக்காகக் கைபற்றியவர் மரியாதை மறந்தவரானார். துக்கத்தின் ஆழத்தை அளக்கும் அளவுகோல் பார்ப்பவர் கையில் இல்லை. மய்யித்து வீட்டு முற்றத்தில் அமர்ந்து, யார் அழுதார், யார் அழவில்லை என்று கணக்கெடுக்கும் நமக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு.