போர்வாயுவிலிருந்து பிறபொருளெதிரி வரை: நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விரைந்து பரவும் பி-கல நிணநீர்ப் புற்றுநோய்க்கான சிகிச்சை வளர்ந்தவாற்றை நோக்குமிடத்து, அந்நோக்கு எத்துணை குறைபாடுடையது என்பது புலனாகும்.

1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், போருக்கென ஆராயப்பட்ட நைதரசன் மஸ்ரட் நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவருக்கு ஏற்றப்பட்டது. கட்டிகள் சுருங்கின, ஆயினும் போர்க்கால இரகசியம் கருதி அச்செய்தி 1946 வரை வெளியிடப்படவில்லை. அந்நச்சின் வழித்தோன்றலான சைக்கிளோபொஸ்பமைட்டுடன் டொக்சோரூபிசின், வின்கிறிஸ்ரின், பிறெட்னிசோன் ஆகியவை இணைந்ததே 1970களில் உருவான 'சொப்' என்னும் கூட்டு இரசாயனச் சிகிச்சையாகும். (இவற்றுள் வின்கிறிஸ்ரின், எம் முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பெறப்படுவது.)

அதன்பின் மருந்துகளை மேலும் மேலும் சேர்ப்பதே முன்னேற்றமெனக் கருதப்பட்டது. 1993இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டாய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. சொப் உட்பட நான்கு சிகிச்சைகளுக்கு நோயாளரைக் குலுக்கல் முறையிற் பகிர்ந்து நோக்கியபோது, மூன்றாண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தோர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிகிச்சையின் நச்சுத்தன்மையால் இறந்தோரோ சொப் பெற்றோரில் 1 சதவீதம். புதிய கூட்டுக்களைப் பெற்றோரில் 3 முதல் 6 சதவீதம். எம் கருத்தில் இத்தோல்வியே இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். வழி வேறு திசையிலிருந்தே வரவேண்டியிருந்தது.

அவ்வழி 1975இலேயே திறக்கப்பட்டிருந்தது. பிரித்தானிய அரச நிதியில் இயங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டியமட்டும் உற்பத்தி செய்யும் முறையைக் கண்டனர். அதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. அம்முறையின் வழிவந்த ரிற்றக்சிமாப், பி-கலங்களின் மேற்பரப்பிலுள்ள சிடி20 என்னும் புரதத்தைப் பற்றி, அக்கலங்களை உடலின் சொந்தப் பாதுகாப்புக்கு இலக்காக்குகின்றது. குருதியைத் தோற்றுவிக்கும் மூலக்கலங்களில் அப்புரதம் இல்லையாதலின், நலமான பி-கலங்கள் மீண்டும் தோன்றுகின்றன. மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு இம்மருந்து 1997இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

தீவிர நோயிலும் அது பயன்தருமா? குவாபியே தலைமையிலான பிரெஞ்சு ஆய்வுக்குழு, 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 நோயாளரிடையே இதனைச் சோதித்தது. முதியோரைத் தேர்ந்தமை கவனிக்கற்பாலது. மருந்தின் அளவைக் கூட்டினால் தாங்கமாட்டாதோர் அவர்களே. ஒரு சாரார் சொப் மட்டும் பெற்றனர்; மறுசாரார் ரிற்றக்சிமாப்பையும் சேர்த்துப் பெற்றனர். 2002இல் வெளியான முடிவுகளின்படி, நோய் முற்றாக மறைந்தோர் முன்னையோரில் 63 சதவீதம், பின்னையோரில் 76 சதவீதம். இரண்டாண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தோர் முறையே 57, 70 சதவீதம். பத்தாண்டுகளின் பின்னரும் அவ்வேறுபாடு நிலைத்தது: 27.6 சதவீதத்துக்கு எதிராக 43.5 சதவீதம்.

காப்புரிமையற்ற பொதுச்சொத்தாக வெளிவந்த முறையின் விளைவு, தனியார் நிறுவனங்களின் காப்புரிமைப் பண்டமாகவே சந்தைக்கு வந்தது. வறிய நாடுகளின் நோயாளர் பெரும்பாலோர்க்கு அதன் விலை எட்டாததாயிற்று. 2007இல் இந்தியாவில் அதனையொத்த உயிர்மருந்து குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் ரிற்றக்சிமாப்பைத் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது 2015இலேயாகும். அதற்குள் முதியோர் ஆய்வின் முடிவுகள் வெளியாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.