முதிய குதிரைகளின் பராமரிப்பு

முதிய குதிரைகளின் பராமரிப்பு என்பது, வயது முதிர்ந்து உழைக்கும் ஆற்றல் குறைந்த குதிரைகளுக்கு உணவு, நீர், உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை அவற்றின் உடல்நிலைக்கு ஏற்ப அளிப்பதாகும். நன்கு பேணப்படும் குதிரை பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். 15 முதல் 20 வயதுக்குள் முதுமையின் அறிகுறிகள் தோன்றத் தொடங்குகின்றன. எனவே உழைப்புக் காலம் முடிந்த பின்னரும் ஒரு குதிரை பத்தாண்டுகள் வரை உயிர்வாழக்கூடும். வருவாய் தராத அக்காலத்தில் அதற்கான தீனிச் செலவை யார் ஏற்பது என்பதே சிற்றூர்களில் எழும் முதன்மைச் சிக்கல் ஆகும்.

வரலாறு

தமிழகக் கடற்கரைக்குக் குதிரைகள் பெரும்பாலும் கடல்வழியாகவே வந்தன. கடல்வழி வந்த குதிரைகளைப் பற்றிச் சங்க நூலான பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இறக்குமதியானபோதும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையால் பல விரைவில் இறந்தன என்று எழுதியுள்ளார். அவற்றுக்குச் சமைத்த இறைச்சியும் சோறும் அளிக்கப்பட்டதாகவும் அவர் கூறுகின்றார். குதிரை புல்லுண்ணும் விலங்காதலால் இத்தகைய உணவு அதன் செரிமானத்துக்கு ஒவ்வாது.

முட்டுக்காடு – மாமல்லபுரம் கடற்கரை

செங்கல்பட்டு மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள முட்டுக்காடு, கழிமுகமும் படகுத்துறையும் கொண்ட ஊராகும். இதன் தெற்கே மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கான குதிரைச் சவாரி நடைபெறுகின்றது.

இப்பகுதிக்கும் குதிரைகளுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. முட்டுக்காட்டுக்குத் தெற்கேயுள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைச் சேகரித்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்கி வந்துள்ளது. நஞ்சுமுறி மருந்து தயாரிப்போர் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கின்றனர். பாம்புக்கடியிலிருந்து மனித உயிரைக் காக்கும் இக்குதிரைகளும் முதுமையடைந்த பின் பராமரிக்கப்பட வேண்டியவையே.

கடற்கரைச் சூழலின் இடர்கள்

மணல் தரையில் தீனி இடப்பட்டால் குதிரை மணலையும் சேர்த்து விழுங்குகின்றது. குடலில் தேங்கும் மணல் கடும் வயிற்று வலியை உண்டாக்கும். தீனியைத் தொட்டியிலோ விரிப்பிலோ இடுவதால் இதனைப் பெருமளவு தவிர்க்கலாம்.

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகள் வியர்க்கும் திறனை இழக்கின்றன. இத்தகைய குதிரைகளுக்கு நிழலும், உடலில் நீர் ஊற்றுதலும், நண்பகல் ஓய்வும் இன்றியமையாதவை. அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேற்றில் நிற்கும் குதிரைகளுக்குக் குளம்பு அழுகல் ஏற்படுவதால், லாயத்தின் தரை மேடாகவும் உலர்வாகவும் இருத்தல் வேண்டும்.

பற்களும் உணவும்

குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் மேலெழும்புகின்றன. முதுமையில் இப்பற்கள் முற்றிலும் தேய்ந்துவிடலாம். பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே உமிழ்வதும், தீனி இருந்தும் உடல் மெலிவதும் இதன் அறிகுறிகள் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கால்நடை மருத்துவரிடம் பற்களைக் காட்டிக் கூரிய விளிம்புகளை அராவுதல் நன்று.

நெல் வைக்கோல் மெல்லுவதற்குக் கடினமானது, ஊட்டமும் குறைந்தது. ஆதலால் முதிய குதிரைகளுக்குப் பொடியாக நறுக்கிய பசும்புல், நன்கு ஊறவைத்த கொள்ளு, நீரில் குழைத்த தீவனம் ஆகியவற்றைச் சிறு பங்குகளாக ஒரு நாளில் பலமுறை அளிக்கலாம். குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை நன்னீர் தேவை. கோடையில் இவ்வளவு மேலும் கூடும்.

குளம்பும் நோய்களும்

குளம்புகளை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீர்செய்தல் வேண்டும். வேலை செய்யாத குதிரைக்கு லாடம் தேவையில்லை எனினும், குளம்பு வளர்வது நிற்பதில்லை. உதிராது நீண்டு வளரும் மயிர், மிகுந்த தாகம், குளம்பு அழற்சி ஆகியவை முதிய குதிரைகளில் காணப்படும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாற்றின் அடையாளங்கள் ஆகும். குதிரைகள் இசிவு நோய்க்கு எளிதில் ஆட்படுவதால் அதற்கான தடுப்பூசியும், குடற்புழு நீக்கமும் முதுமையிலும் தொடரப்பட வேண்டும்.

சட்டமும் புகலிடங்களும்

இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் (1960), முதுமையினாலோ நோயினாலோ தகுதியிழந்த விலங்கை வேலை வாங்குவதையும், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் கைவிடுவதையும் குற்றமாக வரையறுத்தது. எனினும் 1982ஆம் ஆண்டுத் திருத்தம் முதற் குற்றத்துக்கு விதித்த தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. இது ஒரு குதிரையின் ஒருநாள் தீனிச் செலவுக்கும் போதாத தொகையாகும்.

தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் மசினகுடிக்கு அருகே, கைவிடப்பட்ட குதிரைகளுக்கும் இடமளிக்கும் விலங்குப் புகலிடம் ஒன்று உள்ளது. உலக அளவில் டோரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் பணி குறிப்பிடத்தக்கது. முதல் உலகப் போருக்குப் பின் எகிப்தில் விற்கப்பட்டு, முதுமையிலும் சுமை இழுத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 5,000 போர்க்குதிரைகளை அவர் நன்கொடைகளைக் கொண்டு விலைக்கு வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை மீட்க இயலாத நிலையில் இருந்தமையால் வலியின்றி உயிர் நீக்கப்பட்டன. 1934இல் கெய்ரோவில் அவர் நிறுவிய இலவச மருத்துவமனை, உழைக்கும் குதிரைகளின் உரிமையாளர்களான ஏழைகளுக்கு உதவியது. உரிமையாளருக்கு உதவாமல் குதிரைக்கு உதவ இயலாது என்ற இவ்வணுகுமுறை, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் பின்னர் பின்பற்றப்பட்டது.