செங்கம் சாலையில் ஓர் இத்தாலியர்

சென்ற மாசியில் செங்கம் சாலை டீக்கடையில் ஓர் இத்தாலியர் பழக்கமானார். ஆசிரமத்துக்கு ஆண்டுதோறும் வருபவர். எனக்கு இத்தாலியம் பேச வராது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், அவருக்கும் பிரெஞ்சு தெரியும், அதிலேயே பேசிக்கொண்டோம். தமிழில் தமக்கு மிகவும் பிடித்த சொல் 'நல்ல' என்றார். நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள் என்று எதன் முன் வைத்தாலும் அது மாறுவதில்லையாம்!

அவர் பாடு அப்படி. இத்தாலியத்தில் அழகான தோட்டம் என்றால் 'பெல்', பெண்பாலில் 'பெல்லா', உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'பெல்ல்', பன்மையில் 'பெய்'. 'நல்ல' என்பதற்கு 'புவோனோ'. 'அதைவிட நல்ல' என்றால் சம்பந்தமே இல்லாமல் 'மில்யோரே'. பிரெஞ்சும் இதற்குச் சளைத்ததல்ல. அழகான மரத்துக்கு 'பெல்' போடாமல் 'போ' என்று எழுதிவிட்டுப் பெஞ்சு மேல் நின்றவன் நான்.

அப்போதுதான் வீரமாமுனிவர் நினைவு வந்தது. 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே ஊரில் பிறந்த பெஸ்கி. முப்பது வயதளவில் இங்கு வந்து, பேச்சுத் தமிழுக்கு ஒன்று, இலக்கியத் தமிழுக்கு ஒன்று என இரண்டு இலக்கணங்களை லத்தீனில் எழுதினார். முதலாவது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சகம் லுத்தரன் மிஷனுடையது. அவர்களை மறுத்துத் தமிழில் நூல்களே எழுதியவர் இவர். ஆனாலும் அவர்கள்தான் அச்சிட்டார்கள். இரண்டாவதை பாபிங்டன் ஆங்கிலமாக்கி 1822இல் சென்னையில் வெளியிட்டார்.

அந்த இரண்டு தமிழுக்கும் உள்ள பெயர்களைப் பாருங்கள். கொடுந்தமிழ், செந்தமிழ். கொடுமையும் செம்மையும் 'மை' இழந்து, தகரத்துக்கு முன் 'ந்' பெற்று நிற்கின்றன. அதே செம்மை வானத்துக்கு முன் செவ்வானம், அடிக்கு முன் சேவடி. பெருமை இன்னும் வேடிக்கை: மெய்க்கு முன் பெருங்கோயில், உயிருக்கு முன் பேரூர், பேரொளி. 'பெல்', 'பெல்ல்' விவகாரமேதான்! பவணந்தி முனிவர் இதையெல்லாம் நன்னூலில் ஒரே சூத்திரத்தில் அடக்கிவிட்டார். இத்தாலியக் காதுக்கு இது புதுமையாகவே இருந்திராது என்பது என் எண்ணம். பாலும் எண்ணும் பார்த்து மாறாமல், அடுத்த எழுத்தை மட்டும் பார்த்து மாறுவதுதான் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். 'நல்ல' மாறாது, ஆனால் அதன் தங்கைகள் மாறுவார்கள் என்றதும் முகம் வாடிவிட்டது. உதாரணம் கேட்டார். எதிரே நின்ற பஸ்ஸின் பலகையைக் காட்டினேன். செங்கம். மலைபடுகடாம் காலத்தில் நன்னனின் செங்கண்மா. அந்தச் 'செங்'கும் செம்மைதான், ககரத்துக்கு முன் 'ங்' ஆகியிருக்கிறது.

மனிதர் டீயை வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.