பாலைவனத்தில் நெல் விளைந்த கதை

அரபு நாடு என்றவுடன் நம் கண் முன்னால் வருவது மணலும் ஒட்டகமும்தான். ஆனால் அதே அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது, வயலில் நெல் விளைகிறது என்று பாடியிருக்கிறார் ஒரு தமிழ்ப் புலவர். அவர்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர். பள்ளிப் பாடத்தில் இந்தப் பெயரை எல்லோரும் படித்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்போம். ஆனால் ஒரு மாணவர் மட்டும் இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். அவர் பெயர் ம.மு. உவைஸ்.

உவைஸ் 1922இல் இலங்கையின் பாணந்துறைப் பகுதியில் பிறந்தவர். சிங்களவர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி அது. 1940களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கச் சேர்ந்தபோது அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் சுவாமி விபுலானந்தர். முஸ்லிம்கள் இயற்றிய தமிழ் நூல்களை ஆராயும்படி உவைஸைத் தூண்டியவர் அவர்தான். ராமகிருஷ்ண மிஷன் துறவி ஒருவர், முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாமிய இலக்கியத்தின் வழியைக் காட்டினார்! இது புதிதும் அல்ல. உமறுப்புலவருக்கே தமிழ் கற்றுக்கொடுத்தவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர்தானே.

வேலை எளிதாக இல்லை. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் இந்த இலக்கியத்துக்குக் கிடைத்த இடம் மிகவும் குறைவு. பல நூல்கள் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழில் இருந்தன. தமிழ் மட்டும் தெரிந்தவரால் அவற்றைப் படிக்க முடியாது. பழைய அச்சுப் புத்தகங்கள் ஊர் ஊராக வீட்டுப் பெட்டிகளில் கிடந்தன. கணக்குப் புத்தகத்தில் ஏறாத சொத்து போல, இருந்தும் இல்லாத நிலை. இளம் ஆய்வாளரான உவைஸ் அவற்றைத் தேடித் தொகுத்து, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றி ஆங்கிலத்தில் முதுகலை ஆய்வேடு எழுதினார். கண்டிப் பகுதியில் உள்ள கல்ஹின்னை தமிழ் மன்றம் 1953இல் அதை நூலாக வெளியிட்டது.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த நூல்களில்? மிகப் பழையதாகக் கருதப்படும் பல்சந்தமாலை முழுதாகக் கிடைக்கவில்லை. களவியற்காரிகை உரையில் மேற்கோளாக வந்த எட்டுப் பாடல்கள் மட்டுமே மிஞ்சின. ஓர் உரையாசிரியர் எடுத்துக்காட்டியிராவிட்டால் அதுவும் போயிருக்கும். முழுமையாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையது ஆயிரம் மசலா. வண்ணப்பரிமளப் புலவர் பாடிய இந்நூல் 1572இல் அரங்கேறிய ஊர் வேறெதுவும் அல்ல, நம் மதுரைதான்.

சீறாப்புராணத்தில் 5,027 பாடல்கள் உள்ளன. கம்பனைப் போலவே நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்குகிறார் உமறு. நபிகள் நாயகம் மணக்கோலத்தில் பவனி வரும்போது, தமிழ் உலா இலக்கியத்தில் வருவது போலவே பெண்கள் பார்த்து மயங்குகிறார்கள். உமறுவுக்கு அரபு நாடு பற்றித் தெரியாது என்று சிலர் இதைக் குறையாகச் சொல்லலாம். அது சரியல்ல. புனிதமான ஒரு நாட்டைத் தமிழில் பாட வேண்டுமானால், அதற்குத் தமிழ்க் காப்பியம் தரும் பெருமை ஆறும் வயலும்தான். அந்தப் பெருமையை அவர் மக்காவுக்குக் கொடுத்தார்.

ஆங்கிலக் கவிதையோடு ஒப்பிட்டால் இது இன்னும் நன்றாக விளங்கும். 1801இல் ராபர்ட் சதே 'தலபா' எழுதினார். 1817இல் தாமஸ் மூர் 'லல்லா ரூக்' எழுதினார். மூர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்தக் கவிதைகளில் இஸ்லாமிய உலகம் தூரத்து அதிசயம், ஒரு வேடிக்கைப் பொருள். உமறுவும் மக்காவைக் கற்பனையில்தான் கண்டார். ஆனால் அது அவருக்குச் சொந்தமான நம்பிக்கை. எனவே அதைத் தன் ஊராகவே பாடினார். ஒன்று வெளியிலிருந்து பார்த்தது, மற்றது உள்ளிருந்து பாடியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

உவைஸின் பயணமும் கடைசியில் மதுரைக்கே வந்தது. 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான முதல் பேராசிரியரானார். நாகமலையை ஒட்டிய அந்த வளாகத்தில் இருந்துகொண்டு, பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' எழுதினார். 1986இல் முதல் தொகுதி வெளிவந்தது. மொத்தம் ஆறு தொகுதிகள். 1996இல் அவர் காலமானார்.

ஆயிரம் மசலா அரங்கேறி நானூறு ஆண்டுகள் கழித்து, அதே மதுரையில் அதன் வரலாறும் எழுதப்பட்டது. ஓர் ஆசிரியர் சரியான நேரத்தில் ஒரு மாணவரைத் தூண்டியிராவிட்டால், அந்த மாணவரும் தேடிப் போயிராவிட்டால், இவற்றில் எத்தனை நூல்கள் பல்சந்தமாலை போல எட்டுப் பாடல்களாகச் சுருங்கியிருக்குமோ! பழைய பெட்டி வீட்டில் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள்.