தனித்திருப்போரைத் தேடிச் சென்ற வரலாறு

 

ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசலின் வரிசைகளில் நிற்போரை நாம் முகம் பார்த்தே அறிவோம். வாராதோரில் வெளியூர் சென்றவர் யார், தொழிலுக்குச் சென்றவர் யார் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் பக்கவாதத்தால் ஆண்டுக்கணக்கில் உள்ளறையில் படுத்திருப்பவரையும், பார்வை மங்கிய பின் வாசற்படி தாண்டாத முதியவரையும், மனநோயுற்றவர் என்பதால் உறவினர் பார்வைக்கும் காட்டப்படாத பிள்ளையையும் நாம் அறிவோமா? ஜமாஅத் பதிவேட்டில் இவர்கள் குடும்பத் தலைவரின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இருக்கின்றனர். இத்தகையோரைச் சமுதாயம் எவ்வாறு நடத்தியது என்பதற்கு வரலாற்றில் ஒளி மிகுந்த பக்கங்களும் உண்டு. இருண்ட பக்கங்களும் உண்டு. அவற்றுள் சிலவற்றை ஈண்டு நினைவுகூர்வது பயனுடையதாகும்.

மதீனாவும் டமாஸ்கஸும்

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். ஆயினும் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுடன் அவர்களுக்கும் அளிக்கப்பட்டிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சில வேளைகளில், ஊரின் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்துச் சென்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கி.பி. 705 முதல் 715 வரை டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட உமைய்யா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக், தொழுநோயாளர் பிறரிடம் கையேந்தாதிருக்க உதவித்தொகை வழங்கினார் என்றும், நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் ஏற்படுத்தினார் என்றும் வரலாற்றாசிரியர் தபரீ குறித்துள்ளார். டமாஸ்கஸில் கிடைத்தது துணை. மதீனாவில் கிடைத்தது பொறுப்பு. இயலாமையுற்ற மனிதருக்கு இவ்விரண்டும் தேவை என்பதைப் பின்னர் வந்த வரலாறும் மெய்ப்பிக்கின்றது.

ஏர்வாடியில் எரிந்த கொட்டகை

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் அடங்கியுள்ள சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் அவர்களின் தர்காவுக்கு, மனநோயுற்றோரைப் பல சமயத்தாரும் அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். நாளடைவில் அவ்வூரில் தனியார் காப்பகங்கள் பல தோன்றின. நோயாளியை அங்கே விட்டுப் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பியோர் பலர்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் எழுந்தோட இயலவில்லை. 28 உயிர்கள் பலியாயின. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாதத்தில் அரசு அக்காப்பகங்களை மூடி, அங்கிருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் ஏற்றது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 95ஆம் பிரிவில் தடை செய்துள்ளது. குஜராத்தின் உனாவா தர்காவில் 2008இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, ஏர்வாடி தர்காவிலும் துஆவுடன் மருந்தும் மருத்துவர் ஆலோசனையும் கிடைக்கப் பின்னாளில் வழி செய்யப்பட்டது.

அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பத்தினர் அனைவரையும் கல்நெஞ்சர் என்று கூறிவிட முடியாது. அருகில் மருத்துவம் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து காக்க ஆளில்லை. ஊரார் ஏச்சுக்கு அஞ்சினர். ஒரு வீட்டார் மட்டும் சுமக்க இயலாத பாரத்தை ஊர் பகிர்ந்துகொள்ளாதபோது, அப்பாரம் தொலைதூரத்தில் இறக்கி வைக்கப்பட்டது. அந்த 28 பேரின் மரணத்தில், அவர்கள் பிறந்த ஊர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிய பங்கு உண்டு என்றே நாம் கருதுகின்றோம்.

மலப்புறத்து அண்டைவீட்டார்

ஏர்வாடி எரிந்த அதே காலகட்டத்தில், அண்டை மாநிலமாகிய கேரளத்தில் வேறொரு வரலாறு உருவாகிக்கொண்டிருந்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் 1993இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கினர். முற்றிய புற்றுநோயால் துடிப்போருக்கு வலி நீக்குவதே அதன் முதல் நோக்கம். ஆனால் மருத்துவமனைக்கு வர இயலாதோரே மிகுதி என்பதையும், அவர்களின் துன்பத்தில் மருந்தால் தீராத பகுதி பெரிது என்பதையும் அவர்கள் கண்டனர். தனிமை, வறுமை, பிள்ளைகளின் படிப்பு பற்றிய கவலை ஆகியவற்றுக்கு மருத்துவர் மட்டும் என் செய்வார்?

எனவே 2001இல், மலப்புறம் மாவட்டத்தை முதன்மைக் களமாகக் கொண்டு, அண்டைவீட்டாரையே பணியாளராக்கும் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க இயன்றவர்கள் அழைக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். தம் பகுதியில் படுக்கையில் இருப்போர் யார் யார் எனக் கண்டறிந்தனர். செவிலியருடன் வீடுவீடாகச் சென்றனர். புண்ணைத் துடைக்கவும், புரட்டிப் படுக்க வைக்கவும் வீட்டாருக்குக் கற்பித்தனர். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி சேர்த்தனர். செலவின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் சிறு சிறு நன்கொடைகளால் ஈடுகட்டப்பட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டமாயினும், சேவை செய்தோரிலும் பெற்றோரிலும் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்து, ஊராட்சிகளைப் பொறுப்பில் இணைத்தது. அதே ஆண்டில் கோழிக்கோட்டில் தோன்றிய மனநல அறக்கட்டளை ஒன்று, இத்தகைய உள்ளூர்க் குழுக்களின் துணையுடன் ஏழை மனநோயாளருக்கு அவரவர் ஊரிலேயே இலவச மருத்துவம் கிடைக்கச் செய்தது. ஏர்வாடிக்கு அனுப்பப்பட்டோருக்கு அன்று எது கிடைக்கவில்லையோ, அது இதுவே.

ஆய்க்குடியில் பிறந்த பொறுப்பு

துணைக்கு மலப்புறம் சான்று எனில், பொறுப்புக்குத் தமிழகத்தின் ஆய்க்குடி சான்றாகும். பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ஆம் ஆண்டைச் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்தது. அவ்வாண்டில், தமக்கு மருத்துவம் செய்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரால் ‘அமர் சேவா சங்கம்’ என்னும் அமைப்பைத் தம் ஊரிலேயே நிறுவினார். ஐந்து குழந்தைகளுடன் தொடங்கிய அப்பள்ளி, பின்னர் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் கிராமங்கள்தோறும் மறுவாழ்வுப் பணியுமாக வளர்ந்தது. 2020இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. உதவி பெறவேண்டியவர் என்று ஊரார் எண்ணியிருக்கக்கூடிய ஒருவரே ஊருக்கு உதவும் அமைப்பை நடத்திக் காட்டினார்.

நமது கரையில்

இனி நமது கரையை நோக்குவோம். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் லைட்ஹவுஸ் குப்பமும் அதனையொட்டிய மீனவர் குப்பங்களும் உள்ளன. பெரிய சிகிச்சை எதுவாயினும் ஏரியைக் கடந்து பொன்னேரிக்கோ சென்னைக்கோ செல்லவேண்டும். நடப்பவருக்கே அது ஒரு நாள் வேலை. நடக்க இயலாதவருக்கு மலையேற்றம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் அளிக்க இடமுண்டு. ஆயினும் எந்த வீட்டின் உள்ளறையில் யார் இருக்கிறார் என்பதை அக்கம்பக்கத்தார் எடுத்துரைத்தால்தான் வருகின்ற செவிலியர் அக்கதவைத் தட்டுவார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. எழுந்தோட இயலாதவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை முன்னரே அறிந்து வைத்திருப்பது, அடுத்த புயலில் ஓர் உயிரைக் காக்கும்.

இதற்கு நாம் புதிய பாடம் எதுவும் படிக்க வேண்டியதில்லை. ஏரியில் எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலை விரிப்பது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் இப்பகுதி மீனவரிடையே தலைமுறை தலைமுறையாக உண்டு. நீரை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த மக்கள், நோயாளியின் அருகில் அமரும் நேரத்தையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள இயலும். நம் ஜமாஅத்தும் குப்பத்துப் பஞ்சாயத்தாரும் இணைந்து அமர்ந்தால், இரு பகுதிக்கும் பொதுவான ஒரு பட்டியலை ஒரு மாதத்தில் எழுதி முடிக்கலாம். அதனை எழுதும் குழுவில் இயலாமையுற்றோரும் இடம்பெறல் வேண்டும். அவர்கள் அறிந்த வாசல்களை மற்றவர் அறியார்.

அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்குடன், எத்தனை வீடுகளுக்கு எத்தனை முறை சென்றோம் என்ற கணக்கும் இடம்பெற வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.